அழுதால் தரம் குறையுமா?

நல்ல சினிமாவைப் பற்றி நம்மிடம் ஒரு படிக்கட்டுக் கணக்கு இருக்கிறது. மேல்படியில், குரலை உயர்த்தாமல் பேசும் யதார்த்தப் படம். அதற்குக் கீழே சமூகப் படம். அதற்கும் கீழே குடும்பக் கதை. தரையில் கிடப்பது, கண்ணீரும் தற்செயலும் பின்னணி இசையின் கூச்சலும் நிறைந்த மெலோடிராமா. துப்பறியும் கதை, பேய்க்கதை, மாயாஜாலம் எல்லாம் பொழுதுபோக்கு என்பதால் அவற்றுக்குப் படியே கிடையாது. இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் கையோடு ஓர் ஊரையும் சாட்சிக்கு அழைப்பார்கள்: கொல்கத்தா. அங்கே அழுகாச்சியை விட்டொழித்தார்கள், சினிமா கலையானது. கோடம்பாக்கம் விடவில்லை, ஆகவே இப்படியே இருக்கிறது. ஃபிலிம் சொசைட்டி விவாதங்களிலிருந்து பத்திரிகை விமர்சனம் வரை இந்த வாதம் கேள்வியில்லாமல் புழங்குகிறது. “டிராமாத்தனம்”, “சீரியல் மாதிரி” என்று இரண்டு சொல் சொல்லிவிட்டால் ஒரு படத்தை முடித்துவைத்த மாதிரி. ஊரைப் பற்றியும் வகையைப் பற்றியும் இந்த வாதம் தவறானது என்பதே இங்கே சொல்ல வருவது.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? நிறையவே இருக்கிறது. 1947இல் சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலானோர் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ரே எழுதிய கட்டுரை, இந்தியப் படங்களுக்கு என்னதான் கோளாறு என்று நேராகக் கேட்டது. ஹாலிவுட்டின் மேல்பூச்சை நகலெடுக்கிறோம், நம் தெருவிலும் வீட்டிலும் இருக்கும் வாழ்க்கையைப் பார்க்க மறுக்கிறோம் என்பது அதன் சாரம். சரியான குற்றச்சாட்டு. ஏழாண்டு கழித்து, 1955 ஆகஸ்டில், தெற்குக் கல்கத்தாவின் பசுஸ்ரீ அரங்கில் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியாகி அந்தக் கட்டுரைக்கு உரையாக நின்றது. படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டியதாயிற்று, எஸ்.எஸ். வாசனின் ‘இன்சானியத்’துக்கு அந்த அரங்கை முன்கூட்டியே பேசியிருந்தார்கள். ஜெமினியின் அந்த இந்திப் படத்தில் திலீப் குமார், தேவ் ஆனந்த் ஆகியோருடன் ஜிப்பி என்ற சிம்பன்சியும் நடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுமி துர்காவை இறக்கிவிட்டுக் குரங்கை ஏற்றினார்கள் என்று சொல்லிச் சிரிக்க வசதியான கதை. கொல்கத்தா ஒரு பக்கம், சென்னை ஒரு பக்கம். கலை ஒரு பக்கம், கல்லா ஒரு பக்கம். இவ்வளவு கச்சிதமாக ஒரு கதை கிடைத்தால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

முதல் மறுப்பு: கொல்கத்தா எப்போது அழுகையை விட்டது? ‘பதேர் பாஞ்சாலி’க்கு முந்தைய ஆண்டுதான் அக்ரதூத் குழுவின் ‘அக்னி பரீக்ஷா’ வந்து உத்தம் குமார், சுசித்ரா சென் ஜோடியை ஊரின் பைத்தியமாக்கியது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு மினார், பிஜோலி, சபிகர் போன்ற மும்மூன்று அரங்கச் சங்கிலிகளை நிரப்பியது பெரும்பாலும் இந்த வகைப் படங்கள்தான். ‘அக்னி பரீக்ஷா’ நமக்கும் புதிதல்ல. ஆஷாபூர்ணா தேவியின் நாவலிலிருந்து வந்த அந்தக் கதைதான் 1959இல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிக்கத் தமிழில் ‘மஞ்சள் மகிமை’ ஆயிற்று. அதே ஆண்டு அசித் சென் எடுத்த ‘தீப் ஜ்வேலே ஜாய்’ பத்தாண்டு கழித்து இந்தியில் ‘காமோஷி’யாக வந்தது. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யை (1974) கொல்கத்தா 1977இல் ‘கபிதா’ என்று எடுத்துக்கொண்டது. கமல்ஹாசன் நடித்த வங்காளப் படம் அது. இரண்டு ஊர்களும் இத்தனை காலம் ஒன்றுக்கொன்று கண்ணீர்க் கதைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தன. ஊரில் பத்துப் பேர் எடுத்த படங்களை மட்டும் ஊரின் சினிமா என்று கொண்டாடிவிட்டு மிச்சத்தை மறந்துபோவது, கர்நாடக சங்கீதக் கச்சேரிகளை மட்டும் வைத்துத் தமிழர்களின் இசை இவ்வளவுதான் என்பதற்குச் சமம்.

“அவை ஓடிய படங்கள், நாங்கள் பேசுவது உயர்ந்த படங்களை” என்று இதற்குப் பதில் வரும். நல்லது, உயர்ந்த படங்களுக்கே போவோம்.

இரண்டாவது மறுப்பு: வங்காள சினிமாவின் சிகரங்களில் ஒன்று அப்பட்டமான மெலோடிராமா. ரித்விக் கட்டக்கின் ‘மேகே தாகா தாரா’ (1960) கதையை ஒருவர் பெயர் சொல்லாமல் சொன்னால் அதை மூன்று கைக்குட்டைப் படம் என்றுதான் நினைப்போம். பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம். கல்கத்தாவின் விளிம்பில் அகதிக் காலனி. மூத்த மகள் நீதாவின் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. அவள் படிப்பை விடுகிறாள். காதலித்தவன் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். தம்பிக்குத் தொழிற்சாலையில் விபத்து. கடைசியில் காசநோய், ஷில்லாங் சானடோரியம், மலையெங்கும் எதிரொலிக்கும் அலறல். இதில் மெலோடிராமா இல்லாத இடம் எது?

கட்டக் இதை மறைக்கவும் இல்லை, தணிக்கவும் இல்லை. மெலோடிராமாவை ஒரு வடிவமாகவே தேர்ந்துகொண்டதாகச் சொன்னவர் அவர். காதலனின் அறையில் தங்கை இருப்பதைத் தெரிந்துகொண்டு நீதா மாடிப்படி இறங்கிவரும் காட்சியைப் பாருங்கள். முகம் திரையை நிறைக்கிறது. ஒலித்தடத்தில் சாட்டை விளாறும் சத்தம். அந்தத் தெருவில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அம்மா தன் மகளின் காதலை ஒட்டுக்கேட்கும் நேரத்தில் சமையலறையின் கொதிப்பு இயல்புக்கு மீறி உயர்கிறது; சம்பாதிக்கும் பெண் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது, வசனத்தில் இல்லை. யதார்த்தத்தின் அளவுகோலை வைத்தால் இரண்டுமே பிழை. ஆனால் அந்தப் பிழைகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஆளுக்கொரு நியாயமுள்ள ஒரு குடும்பம் மிஞ்சும். அம்மாவுக்கு வறுமை, அண்ணனுக்குச் சங்கீதம், தங்கைக்கு இளமை, காதலனுக்குப் பலவீனம். எல்லோரையும் புரிந்துகொள்ளலாம், எல்லோரையும் புரிந்துகொண்டபின் நீதாவின் சாவு ஒரு வருந்தத்தக்க நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும். அவளுடைய நோய் தெரியவந்ததும் அப்பா விரலை நீட்டிக் குற்றம் சாட்டுகிறார். யாரை என்று கேட்டால், யாரையும் இல்லை என்று அடங்கிவிடுகிறார். குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை. ஒரு சமூகமே சேர்ந்து ஒருத்தியைத் தின்னும்போது நிலைமை அப்படித்தான் இருக்கும். அதைக் காதில் விழச் செய்ய ஒரு சாட்டைச் சத்தம் தேவைப்பட்டது.

போகிற போக்கில் ஒன்று: அந்தப் படத்தில் அண்ணன் சங்கர் பாடும் ஹம்ஸத்வனி நம் ராகம், ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் அதைப் பாடிய ஏ.டி. கானன் சென்னையில் பிறந்து கொல்கத்தாவில் இந்துஸ்தானி பாடகராக வாழ்ந்தவர். கொல்கத்தாவின் தூய யதார்த்தத்தை நமக்கு எதிராக நிறுத்துகிறவர்கள் இந்தப் படத்தைக் கொஞ்சம் காது கொடுத்தும் கேட்கலாம்.

மூன்றாவது மறுப்பு, படிக்கட்டின் உச்சியில் அவர்களே உட்காரவைத்திருக்கும் ரேயிடமிருந்து வருகிறது. ‘பதேர் பாஞ்சாலி’யில், மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஹரிஹர் ஊர் திரும்பி, வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கு வாங்கிய புடவை கைக்கு வந்ததும் அம்மா சர்வஜயா உடைகிறாள். அவள் வாய் திறக்கிறது. கேட்பது அழுகுரல் அல்ல, உச்ச ஸ்தாயியில் தார்ஷெனாய். ‘பதேர் பாஞ்சாலி’யை மனதில் நிறுத்திய இடங்களைக் கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லால் முடியாத துக்கத்தை இசையிடம் ஒப்படைப்பது மெலோடிராமாவின் ஆதி உத்தி. ரே அதை அளந்து, ஒரே இடத்தில் பயன்படுத்தினார். கட்டக் படம் முழுக்கப் பயன்படுத்தினார். வேறுபாடு அளவிலும் தேவையிலும் இருக்கிறது.

வகைப் படங்கள் கலைஞனுக்குக் கீழானவை என்ற நம்பிக்கைக்கு ரேயின் பட்டியலே போதும். ‘பரஷ் பாதர்’ (1958) நகைச்சுவை. ‘தீன் கன்யா’வில் (1961) வரும் ‘மணிஹாரா’ பேய்க்கதை. ‘சிடியாகானா’ (1967) துப்பறியும் படம். அதற்காக ரேக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது, உத்தம் குமாருக்கு நடிகர் விருது கிடைத்ததில் அதற்கும் பங்குண்டு. ‘கூப்பி கைன் பாகா பைன்’ (1969) பாட்டும் பூதமுமான மாயாஜாலப் படம். சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குப் போயிற்று. ‘சோனார் கேல்லா’ (1974), ‘ஜொய் பாபா ஃபெலுநாத்’ (1979) இரண்டும் துப்பறிவாளர் ஃபெலுதாவின் கதைகள். குழந்தைகளுக்காகச் செய்தார், பணத்துக்காகச் செய்தார் என்று இவற்றை ஒதுக்குவார்கள். அப்படியானால் ‘ஹீரக் ராஜார் தேஷே’வை (1980) என்ன செய்வது? நெருக்கடி நிலை முடிந்து மூன்றாண்டில் வந்த அந்தப் படத்தில் ராஜா பள்ளிக்கூடத்தை மூடுகிறான், புத்தகங்களைக் கொளுத்துகிறான், சொல்பேச்சுக் கேளாதவர்களின் மூளையைக் கழுவ ஒரு யந்திர அறை வைத்திருக்கிறான். அவன் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கும்போது அவனும் சேர்ந்து இழுக்கிறான். வசனம் பெரும்பாலும் எதுகை மோனை. அதிகாரத்தைப் பற்றி ரே இதைவிட நேராகப் பேசிய படம் இல்லை. அதைப் பேச அவர் தேர்ந்துகொண்டது பூதம் வரம் கொடுத்த இரண்டு பாட்டுக்காரர்களின் கதையை.

நான்காவது: “தற்செயல்களை எப்படி ஒப்புக்கொள்வது?” படிக்கட்டுக்காரர்களின் பலமான கேள்வி இதுதான், ஆகவே இங்கே நின்று பேச வேண்டும். கட்டக்கின் ‘சுபர்ணரேகா’ (1965இல் வெளியானது) மேல் விழுந்த அடிகளில் பெரும்பாலானவை இதற்காகத்தான். அகதி ஈஸ்வர் தன் தங்கை சீதாவை வளர்க்கிறான். கூடவே வளர்ந்த அபிராம் தாழ்த்தப்பட்ட சாதி என்று தெரிந்ததும் அவர்கள் காதலை மறுக்கிறான். அவர்கள் ஓடிப்போகிறார்கள். பஸ் ஓட்டப்போன அபிராம், ஒரு விபத்துக்காகக் கூட்டத்தின் கையில் சாகிறான். பல காலம் கழித்து ஈஸ்வர் கல்கத்தாவில் ஓர் இரவு குடித்துத் திரிந்து, மூக்குக்கண்ணாடி உடைந்த மங்கிய கண்ணோடு ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைகிறான். வயிற்றுப்பாட்டுக்காக முதல் வாடிக்கையாளனை எதிர்பார்த்திருப்பவள் சீதா. அண்ணனைப் பார்த்ததும் அரிவாள்மணையை எடுத்துத் தன் உயிரை முடித்துக்கொள்கிறாள். இத்தனை பெரிய நகரத்தில் அந்த ஒரு கதவுதானா கிடைத்தது என்பது கேள்வி. கட்டக்கின் விளக்கம் எளியது: அன்று அவன் எந்தப் பெண்ணிடம் போயிருந்தாலும் அவள் அவனுக்குத் தங்கைதான். தற்செயல் இங்கே கதையை முடித்துவைக்கும் குறுக்குவழியாக வரவில்லை. சாதியை முன்னிட்டுத் தங்கையைக் கைவிட்டவன், தன் கைவிடலின் விலையை வாங்கும் இடத்துக்கே வந்து நிற்கிறான்.

இப்போது ‘அக்னி பரீக்ஷா’வின் தற்செயலைப் பக்கத்தில் வையுங்கள். சிறுமியாக இருந்தபோது பாட்டியின் பிடிவாதத்தால் நடந்துவிட்ட கல்யாணம். வளர்ந்தபின் தானாகத் தேர்ந்த காதல். எதற்கு விசுவாசமாக இருப்பது? இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டு வந்த படம் அது. கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் உயிரோடு இருந்தது. படம் என்ன செய்கிறது? காதலனே அந்தச் சிறுவயதுக் கணவன் என்று வெளிப்படுத்திக் கேள்வியையே கலைத்துவிடுகிறது. பாட்டியும் ஜெயித்தாள், பேத்தியும் ஜெயித்தாள், அரங்கமும் நிம்மதியாக வீடு போயிற்று. இது நழுவல். சுசித்ரா சென்னின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் நழுவல்தான்.

ஆக, ஒரே உத்தி. ஒரு படத்தில் அது மூடி வைத்ததைத் திறக்கிறது, இன்னொன்றில் திறந்ததை மூடுகிறது. யதார்த்தப் படிக்கட்டு இரண்டுக்கும் ஒரே மார்க்தான் போடும்: நம்ப முடியவில்லை, பூஜ்யம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாத அளவுகோலால் விமர்சனத்துக்கு என்ன பயன்? தமிழ் வாசகருக்கு இதை விளக்க அயலூர்க் கோட்பாடு வேண்டியதில்லை. சிலம்பு விற்க மதுரைக்கு வந்த கோவலன் போய்ச் சேர்ந்தது, அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடம். கணவனை இழந்தவள் தன் முலையைத் திருகி எறிகிறாள், நகரம் எரிகிறது. இதில் தற்செயலும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. இளங்கோவடிகள் கொஞ்சம் அடக்கி எழுதியிருக்கலாம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு உண்டு?

ஐந்தாவது மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்தக் கண்ணீரை நாம் கேவலமாகப் பார்க்கிறோம் என்பதில் யாருடைய கண்ணீர் அது என்பதும் அடங்கியிருக்கிறது. மகளிர் கூட்டம் நிரம்பிய மேட்னி காட்சிகளின் படங்கள் “அழுகாச்சி” ஆயின. நகரத்துப் படித்த ஆணின் சலிப்பைச் சொன்ன படங்கள் “ஆழம்” ஆயின. ‘தீப் ஜ்வேலே ஜாய்’ படத்தில் சுசித்ரா சென் மனநல மருத்துவமனை நர்ஸ். நோயாளி குணமாக, காதலிப்பதாக நடிப்பது அவள் வேலை. நடிப்பு நிஜமாகிவிட, நோயாளி குணமாகி வெளியே போகிறான், அவள் மனம் பேதலித்து உள்ளே நோயாளியாகிறாள். பெண்ணின் அன்பை ஒரு நிறுவனம் மருந்துபோலப் பிழிந்து எடுப்பதைப் பற்றி 1959இலேயே இப்படி ஒரு படம் வந்திருக்கிறது. அதை அறிவார்ந்த படங்களின் பட்டியலில் காண்பது அரிது. நர்ஸ் அழுதுவிட்டாள் அல்லவா.

இங்கே ஒரு மறுமொழியை எதிர்பார்க்கிறேன்: வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி ரே ‘மகாநகர்’ (1963) எடுத்தாரே, கண்ணீரில்லாமல், எவ்வளவு நயமாக! உண்மை. ஆரதியாக நடித்த மாதபி முகர்ஜிதான் ‘சுபர்ணரேகா’வின் சீதாவும், கொல்கத்தா நடிகைகளுக்கு இந்தப் படிக்கட்டு தெரிந்திருக்கவில்லை போலும். ஆனால் இரண்டு படங்களும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. சம்பளம் ஒரு பெண்ணுக்கு எப்படித் தன்மதிப்பைத் தருகிறது, சக ஊழியைக்காக வேலையையே தூக்கி எறியும் துணிவை எப்படித் தருகிறது என்பது ‘மகாநகர்’. அதற்கு அடங்கிய குரல் பொருந்துகிறது; அங்கே பேசி முடிவெடுக்க இடமிருக்கிறது. நீதாவுக்கும் சீதாவுக்கும் அந்த இடம் இல்லை. பேச இடமில்லாதவர்களின் கதையில் குரல் உயர்வதைக் கலைக்குறை என்பது, வாயைப் பொத்திவிட்டு ஏன் முனகுகிறாய் என்று கேட்பது.

கடைசியாக ஒரு பயம் மிஞ்சும்: மெலோடிராமாவுக்கு மரியாதை கொடுத்துவிட்டால் எந்தக் குப்பையையும் தூக்கிப்பிடிக்க வழி திறந்துவிடாதா? நடந்தது தலைகீழ். உத்தம் குமார் 1980இல் மறைந்தபின் வங்காள வெகுஜனப் படம் தடுமாறியபோது, படித்த கொல்கத்தா அதைத் திருத்த முன்வரவில்லை, முகம் திருப்பிக்கொண்டது. 1994இல் ரிதுபர்ணோ கோஷின் ‘உனிஷே ஏப்ரல்’ வந்தபிறகுதான் அந்தப் பார்வையாளர்கள் வங்காளப் படத்துக்குத் திரும்பினார்கள் என்பார்கள். திரும்பவைத்தது, நடனக்காரி அம்மாவுக்கும் டாக்டர் மகளுக்கும் இடையே ஓர் இரவில் வெடிக்கும் குடும்ப நாடகம்! வெளியுலகிலும் கதை இதுதான். கண்ணீர்ப் படக்காரர் என்று தள்ளப்பட்ட ஹாலிவுட் இயக்குநர் டக்ளஸ் சர்க்கை 1970களில் விமர்சகர்கள் திரும்பப் படித்தார்கள். அவருடைய 1955ஆம் ஆண்டுப் படம் ஒன்றை வைத்து ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1974இல் ஜெர்மனியில் குடியேறிய தொழிலாளியின் கதையைச் செய்தார். வகையை மதித்ததால் அவர்கள் அளவுகோல் தளரவில்லை, கூர்மையானது.

அந்தக் கூர்மையோடு நம் படங்களிடம் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ‘பாசமலர்’ (1961) ஒன்று போதும். கட்டக் அண்ணன் தங்கை கதையை எடுத்த அதே காலத்தில் பீம்சிங்கும் எடுத்தார். இங்கேயும் அண்ணனின் பார்வை போகிறது. பட்டாசு விபத்தில் தங்கையின் குழந்தையைக் காப்பாற்றும்போது. ஈஸ்வரின் உடைந்த கண்ணாடி அவனைத் தன் குற்றத்திடம் கொண்டுபோய் விடுகிறது. ‘பாசமலர்’ அண்ணன் ராஜசேகரனின் (சிவாஜி) குருட்டுத்தனம் அவன் குற்றத்தைக் கழுவிவிடுகிறது. தொழிலாளியாக இருந்தவன் முதலாளியாகி, பழைய நண்பனின் வேலைநிறுத்தத்தை எதிர்கொண்டவன் என்பதையே பார்வையாளர் மறந்துவிடுகிறார்கள். தங்கை ராதாவின் கல்யாணத்தோடு தொழிற்சங்கம் படத்திலிருந்து காணாமல் போகிறது. பிறகு பகை முழுவதும் ஒரு சதிகார அத்தையின் தலையில் ஏற்றப்படுகிறது. சிவாஜி அதிகம் அழுதாரா என்று அறுபது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வேலைநிறுத்தம் எங்கே போயிற்று, அதை மறைக்க எத்தனை கண்ணீர் தேவைப்பட்டது என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.